உயிர்த்தண்ணீர்

(பிழைப்புக்காகக் கடல் கடந்தோர் புதிய நகரில் வேர் பிடித்த வரலாறு பற்றிய ஒரு சிறு ஆய்வு)

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

முன்னுரை

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கிச் சமவெளியில் கால் வைக்கும் தாமிரபரணி அன்னை, கார், பிசானம் என்னும் இரு போகங்களுக்கும் நீர் வார்த்து நம் மாவட்டத்தை வாழ வைக்கிறாள். அந்த நீர் பாயும் வயல்களில் நாற்று நடும் காட்சியை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ஆனால் நட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதைக் கவனித்தவர்கள் நம்மில் சிலரே. நாற்றங்காலில் நெருக்கமாகவும் பசுமையாகவும் நின்ற நாற்று, பிடுங்கி வேறு வயலில் நட்டவுடன் தலை சாய்ந்து மஞ்சளாகிவிடும். "இது பிழைக்குமா?" என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். மூன்றாம் நாள் விவசாயி அந்த வயலுக்குத் தண்ணீர் விடுவார். அதற்கு 'உயிர்த்தண்ணீர்' என்று பெயர். அதன் பிறகே நாற்று வேர் பிடித்து, பச்சை கட்டி, நிமிர்ந்து நிற்கும்.

இந்தச் செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் ஆச்சி. அவர் அதைச் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் என் அண்ணன் கட்டட வேலைக்காகச் சிங்கப்பூர் சென்றார். சென்ற முதல் இரண்டு வாரங்கள் அவர் தொலைபேசியில் பேசியது மிகவும் குறைவு. "சாப்பிட்டியாப்பா?" என்று அம்மா கேட்டால், "சாப்பிட்டேம்மா" என்பார். அதற்கு மேல் பேச்சு வராது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதபோது ஆச்சி, "நட்ட நாத்து வாடத்தான் செய்யும். அதப் பாத்து அழுதா ஆச்சா? மூணாம் நாள் தண்ணி விட அங்கன யாராவது இருக்காகளான்னு கேளு" என்றார்.

ஆச்சியின் அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்கு விதை. அயல்நாட்டு நகரம் ஒன்றுக்கு வேலைக்குச் செல்லும் ஒருவர் அங்கே எப்படி வேர் பிடிக்கிறார்? அவருக்கு உயிர்த்தண்ணீர் விடுபவர் யார்? நம் பகுதி மக்கள் சென்று வாழ்ந்த சிங்கப்பூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதைச் சிறிது ஆராய்வோம்.

கடல் கடந்த ஒரு தெருப்பெயர்

சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலைக்கு அருகில், புகழ்பெற்ற மேக்ஸ்வெல் உணவங்காடியின் பக்கத்தில், ஒரு தெரு இருக்கிறது. அதன் பெயரைக் கேட்டால் நீங்கள் வியப்படைவீர்கள். அது 'கடையநல்லூர்த் தெரு'. ஆம், தோழியரே! நம் பாபநாசத்திலிருந்து தென்காசி வழியாகப் பேருந்தில் சென்றால் அடையக்கூடிய அதே கடையநல்லூர்தான். 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை அவ்வூர் நம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருந்தது.

கடையநல்லூர் நெசவாளர்கள் நிறைந்த ஊர். கைத்தறியை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பல, தறியில் வருமானம் குறைந்தபோது, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறின. தென்காசியிலிருந்தும் பலர் சென்றனர். சிங்கப்பூரில் இவர்கள் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறினர். ஆண்கள் துறைமுகத்திலும் பிற இடங்களிலும் கூலி வேலை செய்தனர். பெண்கள் சும்மா இருக்கவில்லை. மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைக் காத்தனர். ஊரில் அம்மியும் உரலும் அறிந்த கைகள், அந்நிய நகரிலும் அதே அறிவைக் கொண்டே காசு ஈட்டின.

இங்கே நாம் ஒரு செய்தியைக் கூர்ந்து நோக்க வேண்டும். அக்காலத்தில் கடல் கடந்த தமிழர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுச் சில ஆண்டுகள் உழைத்துத் திரும்புவதே அவர்கள் வழக்கம். கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்களோ குடும்பத்தோடு சென்று வாழ்ந்தவர்கள் என்று பெயர் பெற்றவர்கள். குடும்பம் வந்தால் குழந்தைகள் வருவார்கள். குழந்தைகள் வந்தால் பள்ளிக்கூடம் வேண்டும், மருத்துவம் வேண்டும், நல்லது கெட்டதுக்குக் கூடி நிற்க நாலு பேர் வேண்டும். தேவை வந்தபோது அவர்கள் அதைப் பிறர் செய்து தருவார்கள் என்று காத்திருக்கவில்லை. 1941-இல் 'சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்' என்ற சங்கத்தைத் தொடங்கினர். அடுத்த ஆண்டே, 1942 பிப்ரவரி 15-ஆம் நாள், சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. 1945 செப்டம்பர் வரை நீடித்த அந்த ஆட்சியில் பசியும் அச்சமும் மக்களை வாட்டின. போர் முடிந்த மறு ஆண்டே, அதாவது 1946-இல், அச்சங்கத்தார் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். தங்கள் வயிறே நிறையாத காலத்தில் அவர்கள் முதலில் நினைத்தது பிள்ளைகளின் படிப்பை! அப்பள்ளிக்குச் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயர் சூட்டப்பட்டது. அப்புலவரின் அடக்கத்தலம் எட்டயபுரத்தில் உள்ளது. எட்டயபுரமும் பழைய திருநெல்வேலி மாவட்டத்து ஊரே.

உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1960-இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. காலப்போக்கில் பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடியதால் மாணவர் எண்ணிக்கை குறைந்து, 1982-இல் அது மூடப்பட்டது. ஆயினும் அப்பெயர் மறையவில்லை. பிற பள்ளி மாணவர்கள் வந்து தமிழ் பயிலும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

முன் சென்றவர் வெட்டிய வாய்க்கால்

கடையநல்லூர் மக்கள் சென்று இறங்கியபோது சிங்கப்பூர் தமிழருக்குப் புதிய மண் அன்று. அவர்களுக்கும் நூறாண்டு முன்பே சென்றவர்கள் இருந்தார்கள்.

1819-ஆம் ஆண்டு இராபிள்ஸ் துரை சிங்கப்பூரில் வணிகத்தலம் அமைத்தார். அதே ஆண்டு அவருடைய இரண்டாம் வருகையின்போது, பினாங்கிலிருந்து அவருடன் வந்தவர் நாராயண பிள்ளை என்னும் தமிழர். புதிய ஊரில் எங்கும் வீடுகள் எழுவதைக் கண்ட அவர் ஒரு செங்கல் சூளையைத் தொடங்கினார். பின்னர்த் துணிக்கடையும் வைத்தார். 1827-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் எழ அவரே முன் நின்றார். அந்தக் கோயில் வழிபாட்டிடமாக மட்டும் இருக்கவில்லை. வேலையும் தங்குமிடமும் கிடைக்கும்வரை, புதிதாக வந்து இறங்கியவர்களுக்கு நிழல் கொடுத்தது. அதே சாலையில் தமிழ் முஸ்லிம்களின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826-இல் தொடங்கப்பட்டது. தமிழ்க் கத்தோலிக்கருக்காக ஓபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் 1888-இல் திறக்கப்பட்டது. நாட்டுக்கோட்டை நகரத்தார்கள் மார்க்கெட் தெருவில் 'கிட்டங்கி'களை வைத்திருந்தனர். ஒரே கூரையின் கீழ்ப் பலர் தங்கி, ஒன்றாக உண்டு, ஒவ்வொருவரும் ஒரு பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு வரவு செலவு நடத்திய இடம் கிட்டங்கி.

கடல் பயணமும் எளிதாக இருக்கவில்லை. 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் 'ரஜூலா' என்ற கப்பல் சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. பயணம் ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு சென்றவர்களே மிகுதி. அதற்குப் பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985-இல் தீ விபத்துக்கு உள்ளானது. அத்துடன் அந்தக் கப்பல் பயணக் காலமும் முடிந்தது. இன்று திருச்சியிலிருந்து விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர். ஆனால் ஒரு வாரக் கப்பல் பயணத்தில் ஒரு நன்மை இருந்தது. பக்கத்துப் பாயில் படுத்தவர் இறங்குவதற்குள் நண்பராகிவிடுவார். "இறங்கினதும் எங்க போவே?" என்று கேட்க ஓர் ஆள் கிடைத்துவிடும். நான்கு மணி நேர விமானத்தில் யாரும் யாரிடமும் ஊர் கேட்பதில்லை என்று என் அண்ணன் சொல்கிறார்.

கோயில், பள்ளிவாசல், ஆலயம், கிட்டங்கி, சங்கம், பள்ளிக்கூடம் ஆகிய இவையெல்லாம் என்ன? முன் சென்றவர்கள் பின் வருபவர்களுக்காக வெட்டி வைத்த வாய்க்கால்கள். நதியுண்ணிக் கால்வாயை வெட்டியவர் யார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் அதில் வரும் தண்ணீரில்தான் இன்றைய நெல் விளைகிறது.

வேர் பிடித்தும் பிடுங்கப்பட்டவர்கள்

உழைப்பும் ஒற்றுமையும் இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதை இலங்கை வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து இலங்கை சென்றவர்கள் பல தலைமுறைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தார்கள். மலைநாட்டைத் தங்கள் வியர்வையால் பசுமையாக்கினார்கள். ஆனால் 1948-இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாத நிலைக்குத் தள்ளப்பட்டனர்.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பது அதன் சாரம். 1974-இல் அந்த எஞ்சியோரும் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். இந்த எண்கள் நம் சமூகவியல் பாடத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வோர் எண்ணுக்குள்ளும் ஒரு வீடு இருந்தது. பிறந்த மண்ணை விட்டு, தாங்கள் பார்த்தே இராத 'சொந்த ஊரு'க்கு வந்து, அவர்கள் மீண்டும் முதலிலிருந்து நாற்றாக நிற்க வேண்டியதாயிற்று.

சிங்கப்பூரில் வேறு விதமாக நடந்ததற்கு ஒரு காரணம், அங்கிருந்த தலைவர்களின் முன்னறிவு. 1935-இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கிய தமிழவேள் கோ. சாரங்கபாணி, ஊருக்குத் திரும்பும் நினைப்பிலேயே நாளைக் கழிக்காமல் வாழும் நாட்டின் குடியுரிமையைப் பெறுமாறு தமிழர்களை வற்புறுத்தினார். அவர் பிறந்தது திருவாரூர். வேலை தேடிக் கடல் கடந்தவர்களுள் அவரும் ஒருவரே. 1965 ஆகஸ்டு 9-ஆம் நாள் சிங்கப்பூர் தனி நாடானது. தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றாக விளங்குகிறது. வேர் பிடிக்க மண்ணும் தண்ணீரும் மட்டும் போதாது. அந்த நிலத்தில் நிற்க உரிமையும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இன்று செல்பவர்களின் நிலை

இனி நம் காலத்துக்கு வருவோம். இன்று சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குச் செல்லும் இளைஞர்கள், கடையநல்லூர்க் குடும்பங்களைப் போல அங்கே குடியேற முடியாது. அவர்கள் பெறுவது 'வொர்க் பெர்மிட்' என்னும் வேலை அனுமதி. அந்த அனுமதியில் செல்பவர்கள் மனைவி மக்களை உடன் அழைத்து வைத்துக்கொள்ள இயலாது. பெரும்பாலோர் தொழிலாளர் விடுதிகளில், ஓர் அறையில் பலராகத் தங்குகிறார்கள். அடுக்குக் கட்டில், பொதுச் சமையலறை, விடியுமுன் வந்து நிற்கும் லாரி. இதுவே அன்றாட வாழ்க்கை. 2020 ஏப்ரலில் கொரோனா நோய் இந்த விடுதிகளில் வேகமாகப் பரவியபோது, பல்லாயிரம் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வெளியே வர முடியாமல் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்கள் கட்டிய வானுயர்ந்த வீடுகளை உலகமே பார்த்திருந்தது. அவர்கள் தங்கியிருந்த அறைகளைப் பலர் அப்போதுதான் பார்த்தார்கள்.

என் அண்ணன் ஐ.டி.ஐ. படித்தவர். அவரை அனுப்புவதற்கு அம்மாவின் வளையலும் கம்மலும் அடகுக்குப் போயின. மீதிக்கு வட்டிக்குக் கடன் வாங்கினோம். தரகர் வாயால் சொன்ன சம்பளம் ஒன்று. பிறகு கையில் கிடைத்த அனுமதிக் கடிதத்தில் அச்சாகியிருந்தது வேறொன்று. அதைப் படித்தபோது பணம் கட்டி முடித்திருந்தோம். "போகாவிட்டால் கொடுத்த பணமும் போய்விடும்" என்ற நிலையில் அண்ணன் விமானம் ஏறினார். முதல் இரண்டு வாரம் அவர் பேசாததற்குக் காரணம் வேலையின் கடுமை மட்டும் அன்று. திரும்பி வர வழியில்லை என்ற எண்ணமே அவர் வாயை அடைத்துவிட்டது என்று பின்னால் சொன்னார்.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை அவர் விடுதியிலிருந்து விசாரித்து விசாரித்து லூர்து அன்னை ஆலயத்துத் தமிழ்த் திருப்பலிக்குப் போனார். முடிந்ததும் படியில் நின்றுகொண்டு, "எம்மா, இங்கன நல்ல மழ பெய்யி" என்று அம்மாவிடம் தொலைபேசியில் பேசினார். அருகில் நின்ற பெரியவர் ஒருவர் அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, "தம்பி, நமக்கு எந்த ஊரு? பேச்சு அம்பாசமுத்திரம் பக்கமால்லா இருக்கு" என்று கேட்டாராம். அவர் கல்லிடைக்குறிச்சிக்காரர். இருபத்தைந்து ஆண்டுகளாக அங்கே இருப்பவர். அன்று அந்த அண்ணாச்சி என் அண்ணனுக்குப் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. தேக்கா சந்தைக்கு அழைத்துப் போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். ரயில் அட்டையில் பணம் ஏற்றுவது எப்படி, ஊருக்குப் பணம் அனுப்ப எங்கே போக வேண்டும், உடம்புக்கு வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று காட்டினார். தம் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து, "செல்லு தொலைஞ்சாலும் இது தொலையக் கூடாது" என்றார். அவ்வளவுதான்.

அன்றிரவு அண்ணன் நாற்பது நிமிடம் பேசினார். அங்கே மணி நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. "நேரமாச்சு, படுப்பா" என்று அம்மா சொல்லியும் அவர் வைக்கவில்லை. ஆச்சி திண்ணையில் இருந்தபடியே, "தண்ணி விட்டாச்சு போல" என்றார்.

நாம் கற்க வேண்டிய பாடங்கள்

நம்மில் பலருடைய தந்தையோ, தமையனோ, தமக்கையோ அயல்நாட்டில் இருக்கிறார்கள். நாளை நாமும் செவிலியராகவோ, பொறியியலாளராகவோ செல்லக்கூடும். ஆகவே, நான் அண்ணனிடம் கேட்டும் நூலகத்தில் படித்தும் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதலாவது, கடிதத்தைப் படித்த பிறகே பணத்தைத் தொட வேண்டும். வேலை, சம்பளம், பிடித்தம், தங்குமிடம் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். சிங்கப்பூர்ச் சட்டப்படி அந்நாட்டு வேலைவாய்ப்பு முகவர் ஒரு தொழிலாளியிடம் அதிகபட்சமாக இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது. இதை நாங்கள் முன்பே அறிந்திருந்தால் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்போம்.

இரண்டாவது, கடவுச்சீட்டு நம்முடையது. அதைப் பிறர் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை. அதன் நகல் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை எளிதாக எண்ணக் கூடாது. அத்தேர்ச்சி பெறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா போன்ற குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல வேண்டுமானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். படிப்புக் குறைந்தவர்கள் ஏமாற்றப்படாமல் காப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. நாம் எழுதப்போகும் தேர்வு நம் கடவுச்சீட்டு வரை வருகிறது, பாருங்கள்!

நான்காவது, போகும் ஊரைப் பற்றிப் போகுமுன்பே படிக்க வேண்டும். சிங்கப்பூரில் முதன்முறையாகக் கட்டட வேலைக்கு வருபவர்களுக்கு 2018 முதல் ஒருநாள் அறிமுக வகுப்பு நடத்தப்படுகிறது. அந்நாட்டின் சட்டங்களும் தொழிலாளியின் உரிமைகளும் அவரவர் தாய்மொழியிலேயே சொல்லித் தரப்படுகின்றன. அன்று கொடுக்கும் தாளை அண்ணன் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். இப்போது அதைத்தான் புதிய பையன்களுக்கு எடுத்துக் காட்டுகிறார்.

ஐந்தாவது, வெட்கப்படாமல் கேட்க வேண்டும். தனியாக வாடுவது வீரம் அன்று.

ஆறாவது, வீட்டில் இருக்கும் நமக்கான பாடம். "எவ்வளவு அனுப்புவே?" என்று முதலில் கேட்காமல், "இன்னிக்கு யார்கூடப் பேசினே?" என்று கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நம் ஊரும் வந்தவர்களின் ஊரே

இவ்வளவும் எழுதிய பிறகு, நான் சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இது நம் ஊரைப் பற்றியது.

1880-களில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆர்வி சகோதரர்கள், பாபநாசத்து நீர்வீழ்ச்சியின் வலிமையை நம்பி இங்கே பஞ்சாலை அமைத்தார்கள். அந்த ஆலை வேலைக்காகச் சுற்றுப்புற ஊர்களிலிருந்தெல்லாம் மக்கள் வந்து விக்கிரமசிங்கபுரத்தில் குடியேறினார்கள். எங்கள் தாத்தாவின் தந்தையும் அப்படி வந்தவரே. நமக்குத் தெற்கே, சிங்கம்பட்டி ஜமீன் நிலத்தில் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட மலைப்பகுதியில், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் உருவாயிற்று. அங்கும் பல ஊர் மக்கள் மலையேறிச் சென்று, நான்கு தலைமுறைகள் வாழ்ந்தார்கள். 2024-இல் தோட்ட வேலை முடிவுக்கு வந்தபோது, அக்குடும்பங்களில் பல கீழே இறங்கி வந்தன.

அவர்களில் ஒருத்தி ஒன்பதாம் வகுப்பில் எங்களோடு சேர்ந்தாள். கடைசி வரிசையில் சன்னலோரம் அமர்ந்திருப்பாள். இடைவேளையில் தனியாகவே மதிய உணவைப் பிரிப்பாள். எங்களில் யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. திட்டவில்லை. ஆனால் யாரும் பேசவும் இல்லை. நானும் பேசவில்லை. இரண்டு மாதங்கள்!

கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சியின் கதையைச் சொல்லி முடித்த அன்று, அண்ணன் சாதாரணமாக என்னிடம், "ஒங்க கிளாசுல புதுசா யாரும் வந்திருக்காகளா?" என்று கேட்டார். "ஆமா, மாஞ்சோலைப் பிள்ள ஒண்ணு" என்றேன். "அவகிட்ட என்ன பேசின?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. சிங்கப்பூரில் என் அண்ணனிடம் யாராவது பேசமாட்டார்களா என்று நாங்கள் வீட்டில் செபித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், என்னிடமிருந்து நாலு வரிசை தள்ளி ஒருத்தி அதே நிலையில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் நான் என் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல், "மலையில ரொம்பக் குளிருமா?" என்று கேட்டேன். அவள் முதலில் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். அங்கே அவர்கள் வீட்டில் மின்விசிறியே கிடையாதாம். இங்கே வந்த புதிதில் வெக்கையிலும் மின்விசிறிச் சத்தத்திலும் இரவெல்லாம் தூக்கம் வராதாம். வகுப்பில் அவள் தலை சாய்ந்திருந்ததைச் சோம்பல் என்று நாங்கள் நினைத்திருந்தோம். நட்ட நாற்று என்று நினைக்கவில்லை. இப்போது கணக்குப் பாடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தால் சொல்லித் தருபவள் அவளே.

முடிவுரை

கடையநல்லூர் நெசவாளர்கள் சிங்கப்பூரில் ஒரு தெருவுக்குத் தங்கள் ஊர்ப்பெயர் விளங்கும் அளவுக்கு வேர் பிடித்ததற்கு, அவர்களுடைய உழைப்பு ஒரு காரணம். தங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்காகச் சங்கமும் பள்ளியும் அமைத்தது மற்றொரு காரணம். தாங்கள் வாடிய நாளை மறவாமல், அடுத்தவருக்குத் தண்ணீர் விட்டவர்கள் அவர்கள். இன்று பல இளைஞர்களுக்கு அந்நகரில் நிலையாகத் தங்கும் வாய்ப்பு இல்லை. எனினும், இருக்கும் சில ஆண்டுகளாவது மனிதராக வாழ, அவர்களுக்கும் "நமக்கு எந்த ஊரு?" என்று கேட்க ஒருவர் தேவை.

அன்புத் தோழியரே! நம் ஊரிலிருந்து போனவர்களுக்கு அங்கே யாரோ ஒருவர் உயிர்த்தண்ணீர் விடுகிறார். அந்தக் கடனை அவருக்கு நாம் நேரில் தீர்க்க முடியாது. ஆனால் நம் ஊருக்கு, நம் தெருவுக்கு, நம் வகுப்புக்குப் புதிதாக வருபவரிடம் அதைத் தீர்க்கலாம். அடுத்த ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, உங்கள் வகுப்பின் கடைசி வரிசையைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். மூன்றாம் நாளுக்குள் பேசிவிடுங்கள். நான் இரண்டு மாதம் தாமதித்தேன்.